பத்தாம் வகுப்பில் பந்தைத் தொட்டால் பலன் உண்டா?

கல்லூரி மனு நெருங்கும் நேரத்தில் விளையாட்டில் சேரும் மும்பைத் தமிழ் மாணவர்கள்

ஜூன் மாதம். மழை பிடித்துக்கொண்டது. தாராவி 90 அடி ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர். அதில் செருப்பைக் கையில் பிடித்தபடி பையன் பள்ளிக்கூடத்தில் இருந்து வருகிறான். சட்டைப் பைக்குள் ஒரு காகிதம். விளையாட்டு ஆசிரியர் கொடுத்து அனுப்பியது. அதில் தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டும்.

"கபடி டீம்ல சேரச் சொல்றாருப்பா, சார்."

"ஏலே, ஒம்போது வருசமா அந்தப் பக்கம் எட்டிப் பாக்காதவன் பத்தாங்கிளாசுல வந்து கபடி ஆடப் போறியாக்கும்?"

"ஆடுனா மார்க் சேத்துப் போடுவாங்களாம்ப்பா. காலேஜ் சீட்டுக்கும் ஆகுமாம்."

தகப்பனார் கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. இரவு ஷிப்டுக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் யோசனை கேட்கிறார். "சேத்து விடுங்க, சர்ட்டிபிகேட் இருந்தா ரெயில்வேயில வேலையே கிடைக்கும்" என்கிறார் அண்ணாச்சி. அவருடைய வீட்டுக்காரம்மாள் உள்ளே இருந்தபடியே, "காலு கையி ஒடிஞ்சா பரீட்சையை யாரு எழுதுவா?" என்கிறார்.

இது ஒரு வீட்டுப் பேச்சு அல்ல. பள்ளி திறந்து இரண்டு வாரத்துக்குள் தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், ஆன்டாப்ஹில், செம்பூர் என்று தமிழர்கள் வாழும் இடங்களில் எல்லாம் எழும் பேச்சு. அண்ணாச்சி சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்த அம்மாள் சொல்வதிலும் இருக்கிறது. எது எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சேர்த்துப் போடும் மார்க்

மராட்டிய மாநிலத்தில் எஸ்.எஸ்.சி. (10-ம் வகுப்பு), எச்.எஸ்.சி. (12-ம் வகுப்பு) தேர்வு எழுதும் மாணவ-மாணவிகள் விளையாட்டில் சாதித்திருந்தால் அவர்களுக்குக் கூடுதல் மார்க் உண்டு. ஒரு காலத்தில் இதை எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுத்தார்கள். பிறகு படிப்படியாகப் பிரித்தார்கள். மாவட்டப் போட்டியில் இடம் பிடித்தவர்களுக்கு 5 மார்க்கில் தொடங்கி, மண்டலம், மாநிலம், தேசியம் என்று ஏறிக்கொண்டே போகும். உச்சம் 25 மார்க்.

சும்மா பள்ளிக்கூட அணியில் பெயர் இருந்தால் மார்க் இல்லை. அரசின் விளையாட்டுத் துறை நடத்தும் பள்ளிகளுக்கு இடையேயான போட்டிகளிலோ, அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் போட்டிகளிலோ ஆடியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் மனு அனுப்ப, மாவட்ட விளையாட்டு அலுவலகம் அதைச் சரிபார்க்க, பின்னர் அது தேர்வு வாரியத்துக்குப் போகிறது. மும்பை மாணவர்களுக்கு வாரியத்தின் மண்டல அலுவலகம் வாஷியில் இருக்கிறது.

11-ம் வகுப்புச் சேர்க்கையிலும் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இட ஒதுக்கீடு இருக்கிறது. ஆகவே அண்ணாச்சி ஒன்றும் இல்லாததைச் சொல்லிவிடவில்லை.

கணக்குப் போட்டால்...

ஆனால் சம்பளக் கணக்குப் போடத் தெரிந்த எந்தக் குமாஸ்தாவும் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

எஸ்.எஸ்.சி.யில் எடுத்த பாடங்களில் சிறந்த ஐந்தைச் சேர்த்து 500-க்குச் சதவீதம் போடுகிறார்கள். 25 மார்க் கிடைத்தால் 5 சதவீதம் கூடும். அது பெரிய விஷயம்தான். 82-ல் நிற்கிற பையன் 87-க்குப் போனால் அவன் சேரும் கல்லூரியே மாறிவிடும். ஆனால் ஜூன் மாதம் முதன்முதலாகத் திடலில் இறங்கிய பையன் அதே ஆண்டில் அந்த உச்சத்தைத் தொடுவது நடக்கிற காரியமா? மாவட்டத்தில் இடம் பிடித்தால் அதுவே பெரிய காரியம். அதற்கு 5 மார்க். சதவீதத்தில் சொன்னால் ஒன்று.

மழை முடிவதற்குள் மாவட்டப் போட்டிகள் தொடங்கிவிடும். அதற்குள் 60 நாள் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். தினம் 2 மணி நேரம். மொத்தம் 120 மணி நேரம். அந்த 120 மணி நேரத்தை அல்ஜீப்ராவுக்கும் ஜியாமெட்ரிக்கும் கொடுத்தால் 5 மார்க்குக்கு மேலேயே வரும். சந்தேகம் இருந்தால் டியூஷன் வாத்தியாரைக் கேட்டுப் பார்க்கலாம்.

12-ம் வகுப்பில் இன்னொரு சிக்கல். என்ஜினீயரிங், மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு இப்போது நுழைவுத் தேர்வு மார்க்கை வைத்துத்தான் இடம் கொடுக்கிறார்கள். வாரியத் தேர்வில் சேரும் விளையாட்டு மார்க் அங்கே செல்லாது. வணிகவியல், கலைப் பிரிவு மாணவர்களுக்கே அதனால் பயன் அதிகம்.

ஆக, மார்க்குக்காக மட்டும் பத்தாம் வகுப்பில் பந்தைத் தொடுவது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. அப்படியானால் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா? அவசரம் வேண்டாம். மாட்டுங்காவிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது.

டான் பாஸ்கோ மாணவர்

மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளி அந்த நாளில் கிரிக்கெட்டில் பெயர் வாங்கிய பள்ளி அல்ல. பம்பாய்ப் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் கைல்ஸ் கேடயம், ஹாரிஸ் கேடயம் என்று இரண்டு பெரிய பரிசுகள். அவற்றை வேறு பள்ளிகள்தான் தூக்கிக்கொண்டு போகும். 1976-ம் ஆண்டு டான் பாஸ்கோ அணி கைல்ஸ் கேடய இறுதிப் போட்டிக்கு வந்து செயின்ட் மேரீஸ் பள்ளியிடம் தோற்றது. அடுத்த ஆண்டு அதே கேடயத்தை டான் பாஸ்கோ வென்றது. பள்ளியின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

அந்த அணியின் கேப்டன், பதின்மூன்று பதினான்கு வயதுக்குப் பிறகே கிரிக்கெட்டில் முழு மனதாக இறங்கியவர். பெயர் ரவி சாஸ்திரி.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் எங்கோ போய்விடவில்லை. அதே மாட்டுங்காவில் உள்ள போதார் கல்லூரியில் வணிகவியல் சேர்ந்தார். கிரிக்கெட் வீரர்களை உருவாக்குவதில் போதாருக்குப் பெயர் உண்டு. திலீப் வெங்சர்க்கார் படித்ததும் அங்கேதான். சாஸ்திரியை அங்கே வசந்த் அம்லாடியும், "மார்ஷல்" பாட்டீல் என்று எல்லாரும் அழைத்த வி.எஸ். பாட்டீலும் செதுக்கினார்கள். ஜூனியர் கல்லூரியின் கடைசி ஆண்டிலேயே பம்பாய் ரஞ்சி அணியில் இடம். அப்போது வயது 17. 1981 பிப்ரவரியில் நியூசிலாந்தில் இந்திய அணிக்காக டெஸ்ட் போட்டி. கேடயத்தைத் தோற்ற நாளில் இருந்து எண்ணினால் ஐந்தே ஆண்டுகள்.

எல்லாப் பையன்களும் சாஸ்திரி ஆகிவிட முடியுமா என்று கேட்கக்கூடாது. அதுவல்ல இங்கே சொல்ல வந்தது. பள்ளிக்கூடத்தின் கடைசி ஆண்டுகள் அவருக்கு வாசற்படியாக மட்டும் இருந்தன. வேலை நடந்தது கல்லூரியில். தாராவியிலும் செம்பூரிலும் இதைத்தான் நம்மவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கல்லூரி மனுப் போடும் நாளை ஆட்டத்தின் முடிவு நாள் என்று நினைக்கிறார்கள். சீட் கிடைத்ததும் ஷூவைக் கட்டித் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தாமதமாகச் சேர்ந்தவனுக்கு உண்மையான காலம் அந்த நாளில்தான் தொடங்குகிறது.

வயதைப் பாருங்கள். பள்ளிகளுக்கு இடையேயான தேசியப் போட்டிகளில் 14 வயதுக்கு உட்பட்டோர், 17 வயதுக்கு உட்பட்டோர், 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். பத்தாம் வகுப்பில் சேர்ந்த பையனுக்கு 17 வயதுப் பிரிவில் ஓர் ஆண்டு, ஜூனியர் கல்லூரியில் 19 வயதுப் பிரிவில் இரண்டு ஆண்டு இருக்கிறது. அதற்குப் பிறகு பட்டப்படிப்பில் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி. அங்கே நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணி. மொத்தம் ஐந்தாறு ஆண்டுகள். ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளப் போதுமான காலம் அல்லவா?

காத்திருக்கும் ஆட்டம், காத்திருக்காத ஆட்டம்

எல்லா விளையாட்டும் 15 வயதுப் பையனுக்காகக் காத்திருக்காது. சில ஆட்டங்கள் சிறு வயதிலேயே கைக்கும் கண்ணுக்கும் பழக வேண்டும். ஹாக்கி அப்படி. டென்னிஸ், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் அப்படி.

நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் தன்ராஜ் பிள்ளை. புனே அருகே கடுகியில் தமிழ்ப் பெற்றோருக்கு 1968-ல் பிறந்தவர். தகப்பனார் அங்குள்ள ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மைதானப் பராமரிப்பாளர். உடைந்த ஹாக்கி மட்டைகளை வைத்துக்கொண்டு சிறு பிள்ளையாக ஆடத் தொடங்கியவர். அவருடைய அண்ணன் ரமேஷ், செம்பூரில் உள்ள ராஷ்ட்ரீய கெமிக்கல்ஸ் உரத் தொழிற்சாலை (ஆர்.சி.எப்.) அணிக்காக மும்பை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். 1980-களின் நடுவில் தம்பியும் அண்ணனைத் தேடி மும்பை வந்தார். பிறகு மகிந்திரா அணி. பிறகு நான்கு ஒலிம்பிக். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணிக்கு அவர்தான் கேப்டன். மும்பைக்கு வந்தபோது அவர் கையில் மட்டை பிடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்தாம் வகுப்பில் ஹாக்கி மட்டையை முதன்முதலாகத் தொடும் பையன் அந்த வழியில் போக முடியாது.

ஆனால் உயரம், தோள் வலு, மூச்சு, தளராத மனம் இவற்றை வைத்து ஆடும் ஆட்டங்கள் தாமதமாக வந்தவனையும் ஏற்றுக்கொள்ளும். துடுப்புப் படகு, பளு தூக்குதல், குண்டு எறிதல், வட்டு எறிதல், நெடுந்தூர ஓட்டம், ரக்பி இவை எல்லாம் அந்த வகை. உயரமான பையனாக இருந்தால் கைப்பந்து, கூடைப்பந்து கூட. மாட்டுங்கா இந்தியன் ஜிம்கானா கூடைப்பந்துக்குப் பெயர் போன இடம்.

நாசிக் மாவட்டத்தில் சாந்த்வட் தாலுகா வறண்ட பூமி. அங்கே தளேகாவ் ரோகி என்ற ஊரைச் சேர்ந்த தத்து போகனாள் கிணறு வெட்டும் கூலி வேலை பார்த்தவர். 2012-ல் ராணுவத்தில் சேர்ந்தார். அப்போது வயது 21. புனேயில் ராணுவத்தார் அவருடைய உடல்வாகைப் பார்த்துத் துடுப்புப் படகில் உட்கார வைத்தார்கள். தண்ணீரைக் கண்டால் அவருக்குப் பயம்! நான்கு ஆண்டு கழித்து, 2016-ல், ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் படகுப் போட்டியில் 13-வது இடம். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம்.

இங்கிலாந்திலும் ஒரு கதை. உயரமான வாலிபர்களைத் தேடிப் பிடித்துப் புதிய விளையாட்டு கற்றுக் கொடுக்கும் திட்டம் ஒன்று அங்கே வந்தது. ஹெலன் குளோவர் என்ற பெண் அதற்குப் போனார். குறித்த உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அளவெடுக்கும்போது குதிகாலைத் தூக்கி நின்று சமாளித்துவிட்டார். 2008-ல் துடுப்பைக் கையில் எடுத்தவர், 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் 2016 ரியோவிலும் தங்கம் வாங்கினார். படகில் உட்கார்ந்தபோது அவருக்கும் 21 வயதுதான்.

கிரிக்கெட்டிலும் இல்லாமல் இல்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை அறியாத தமிழர் உண்டா? நெசவுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 20 வயதை ஒட்டி ஊர்த் திடலில் டென்னிஸ் பந்திலேயே ஆடியவர். அதற்குப் பிறகுதான் சென்னைக்கு வந்து நாலாவது டிவிஷன் லீக்கில் சேர்ந்தார். 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், 20 ஓவர், டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகம் ஆனார். ஆனால் ஒன்று. லெதர் பந்துதான் அவருக்குப் புதிது. பந்து வீச்சு புதிது அல்ல. தெருவில் ஆயிரக்கணக்கான ஓவர் வீசிய தோள் அது. தாராவிச் சந்துகளில் ஆடும் பையன்களையும் "ஒன்றும் தெரியாதவன்" என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இது உதாரணம்.

கூட்டம் இல்லாத வரிசை

மும்பையில் கபடி அணிகளுக்குப் பஞ்சமே இல்லை. லால்பாக், பரேல், பிரபாதேவி என்று மில் தொழிலாளர் வாழ்ந்த பகுதிகளில் அது பரம்பரைச் சொத்து. நம் ஊர்ச் சடுகுடு தெரியும் என்ற தைரியத்தில் பையன் இறங்கினால், எதிரே நிற்பவன் எட்டு வயதில் இருந்து "கபடி... கபடி..." பாடியவனாக இருப்பான். கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் வரிசை இன்னும் நீளம்.

ரேஷன் கடையில் கூட்டம் குறைந்த வரிசையைப் பார்த்து நிற்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். கைப்பிடிப் பந்து என்ற ஹேண்ட்பால், சாப்ட்பால், ரக்பி போன்றவற்றில் அணி சேர்க்கவே சில பள்ளிகளில் ஆள் தேட வேண்டியிருக்கும்.

மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு வீரர்களை எடுக்கும் பட்டியலில் நம்மவர்களுக்குக் கைவந்த சில ஆட்டங்களும் இருக்கின்றன. பூப்பந்து இருக்கிறது. வளையப்பந்து இருக்கிறது. கேரம் இருக்கிறது. தாராவியில் கேரம் போர்டு இல்லாத தெரு ஏது? "ஆட்யா-பாட்யா" என்று மராட்டியர் ஆடும் ஆட்டமும் அந்தப் பட்டியலில் உண்டு. அது வேறு எதுவும் அல்ல, நம் ஊர்க் கிளித்தட்டின் உடன்பிறப்பு. ஊரில் நிலா வெளிச்சத்தில் ஆடிய ஆட்டத்துக்கு இங்கே சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்றால் பல பெற்றோருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அதே சமயம் ஓர் எச்சரிக்கை. புதிது புதிதாகப் பெயர் சொல்லிக்கொண்டு சில ஆட்டங்கள் வருகின்றன. "நேரே தேசியப் போட்டிக்கு அழைத்துப் போகிறோம், பணம் கட்டுங்கள்" என்பார்கள். அந்த ஆட்டம் அரசின் பட்டியலில் இருக்கிறதா, நடத்தும் சங்கத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பையில் கை விட வேண்டும்.

படிவம் எண் என்ன?

சான்றிதழ் என்றால் எல்லாம் ஒன்றல்ல. மத்திய அரசு 1980 ஆகஸ்ட் 4-ம் தேதி ஓர் உத்தரவு போட்டது. விளையாட்டுத் தகுதியை வைத்து வேலைக்கு எடுக்கும்போது எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை அது படிவம் போட்டே சொல்லிவிட்டது.

சர்வதேசப் போட்டியில் நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1. அதைத் தேசிய சம்மேளனம் கொடுக்கும். தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2. கொடுப்பது மாநிலச் சங்கம். பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 3. பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் கொடுப்பார். பள்ளிகளுக்கு இடையேயான தேசியப் போட்டியில் மாநில அணியில் ஆடியவருக்குப் படிவம் 4. இதைக் கல்வித் துறை இயக்குநர் கொடுப்பார்.

தாமதமாகத் தொடங்கிய பையனுக்கு எது எட்டும்? படிவம் 4-ஐப் பிடிக்க நேரம் நெருக்கும். ஆனால் கல்லூரி நாட்களில் படிவம் 3-க்கு வழி இருக்கிறது. 12-ம் வகுப்போடு ஆட்டத்தை நிறுத்தாதே என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ரெயில்வே பற்றி அண்ணாச்சி சொன்னாரே, அதுவும் பொய் அல்ல. சர்ச்கேட்டில் மேற்கு ரெயில்வே தலைமையகம், சி.எஸ்.எம்.டி.யில் மத்திய ரெயில்வே தலைமையகம். இரண்டும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. ஆனால் காகிதத்தை மட்டும் நீட்டினால் போதாது. மொத்தம் 100 மார்க்கில் 40 மார்க், தேர்வாளர்கள் முன்னால் திடலில் ஆடிக் காட்டுவதற்கு. சாதனைக்கு 50. படிப்புக்கு 10. அணியோடு ரெயில் ஏறிப் போய்விட்டு பெஞ்சில் உட்கார்ந்து திரும்பியவன் அந்த 40 மார்க்கில் மாட்டிக்கொள்வான்.

மராட்டிய அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு 2005-ம் ஆண்டு முதல் இருக்கிறது.

விலைக்கு வரும் காகிதம்

வேலை என்ற உடனே வியாபாரமும் வந்துவிடுகிறது. இந்த 5 சதவீதத்தைக் குறி வைத்துப் போலிச் சான்றிதழ் கொடுத்து அரசு வேலையில் சேர்ந்தவர்கள் மராட்டியத்தில் பிடிபட்டார்கள். அதிகம் பேர் கேள்விப்படாத டிராம்போலின் போன்ற ஆட்டங்களின் பெயரில் சான்றிதழ்கள் புறப்பட்டு வந்தன. அதனால் இப்போது மண்டலத் துணை இயக்குநர் அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்த்து அறிக்கை வாங்காமல் மனுவே போட முடியாது. வேலை கிடைத்து மூன்று வருடம் சம்பளம் வாங்கிய பிறகு உண்மை வெளியானாலும் வேலை போகும், வழக்கும் வரும். வீட்டில் கடன் வாங்கிக் காகிதம் வாங்கியவர்கள் கதி அதோகதி.

இது நம் நாட்டு வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் கல்லூரி மனுவில் விளையாட்டுக்கு மதிப்பு மிக அதிகம். அங்கே 2019 மார்ச் மாதம் ஒரு பெரிய மோசடி அம்பலம் ஆனது. சுமார் 50 பேர் மீது வழக்கு. பணக்காரப் பெற்றோர்கள் வில்லியம் சிங்கர் என்ற தரகருக்குப் பணம் கொடுத்தார்கள். அவர் சில பயிற்சியாளர்களைக் கைக்குள் போட்டுக்கொண்டார். துடுப்பையே தொடாத பிள்ளைகள் படகு வீரர்கள் ஆனார்கள். வேறு யாரோ ஆடும் படத்தில் பிள்ளையின் முகத்தை ஒட்டியும் அனுப்பினார்கள்! ஹாலிவுட் நடிகை ஒருவர் ஜெயிலுக்குப் போனார். தரகருக்கு 2023-ல் மூன்றரை ஆண்டுச் சிறை.

அந்தப் பெற்றோர்களிடம் கோடி கோடியாகப் பணம் இருந்தது. வக்கீல்கள் இருந்தார்கள். தோல் கடையிலும் இட்லி வியாபாரத்திலும் காசு சேர்க்கிறவருக்கு யார் இருக்கிறார்கள்?

பெண் பிள்ளைகளுக்கு...

பையன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதி வீட்டுக் கதை விட்டுப்போகும். பத்தாம் வகுப்புப் பெண்ணை மாலையில் திடலுக்கு அனுப்பத் தாய்மார்கள் தயங்குவது ஊர் அறிந்தது. "எட்டு மணிக்கு மேல சந்துல வரணுமே" என்ற கவலையை யாரும் கேலி செய்ய வேண்டாம். அந்தச் சந்துகளில் நடந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் காலைப் பயிற்சி இருக்கிறது. பள்ளி வளாகத்திலேயே ஆடக்கூடிய வளையப்பந்து, கோ-கோ இருக்கின்றன. இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையில் இந்தியப் பெண்கள் அணி வென்றது. அந்த அணியின் கேப்டன் பிரியங்கா இங்க்ளே மராட்டியப் பெண்.

கல்லூரிகளில் பெண்கள் அணிக்கு ஆள் சேர்வது ஆண்கள் அணியைவிடக் கடினம். ஆகவே தாமதமாகத் தொடங்கும் பெண் பிள்ளைக்கு அணியில் இடம் கிடைப்பது சற்றுச் சுலபம். இது பல பெற்றோர் எண்ணிப் பார்க்காத விஷயம்.

கையெழுத்துப் போடும் முன்...

காகிதத்தில் கையெழுத்துப் போட நினைக்கும் தகப்பனார் முதலில் விளையாட்டு ஆசிரியரை ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது. லீவு கிடைக்காது என்றால் சனிக்கிழமை போகலாம். இவன் உடம்புக்கு எந்த ஆட்டம் பொருந்தும், 11-ம் வகுப்பில் எந்தக் கல்லூரியில் அந்த ஆட்டத்துக்கு அணி இருக்கிறது, இந்த இரண்டையும் கேட்டால் போதும். 9-ம் வகுப்பிலேயே இதைக் கேட்க முடிந்தால் ஓர் ஆண்டு மிச்சம். கூடுதல் மார்க் விதிகளை அரசு அவ்வப்போது திருத்துகிறது. அந்த ஆண்டுச் சுற்றறிக்கை பள்ளி அலுவலகத்துக்கு வரும். அதைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

பையன் ஏற்கனவே கணக்கில் தடுமாறுகிறான் என்றால் பத்தாம் வகுப்பு பரீட்சை முடியட்டும். மார்ச்சில் பரீட்சை முடிந்து கல்லூரி தொடங்கும் வரை கையில் இருக்கும் நாட்கள் பொன்னானவை. அந்த நாட்களில் ஊருக்குப் போய் மாமரத்தில் கல் எறியாமல் தினம் காலை தாத்கர் மைதானத்திலோ சிவாஜி பார்க்கிலோ ஓடட்டும். கல்லூரி அணித் தேர்வுக்கு மூச்சு வாங்காமல் போய் நிற்கலாம்.

ஷூவுக்குப் பணம் ஆகும். தேய்ந்த ஷூவில் ஓடினால் முழங்கால் போகும். அதில் மட்டும் மிச்சம் பிடிக்கக்கூடாது. மற்றபடி ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், கொண்டைக்கடலை. வடா-பாவில் வயிற்றை நிரப்பிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட முடியாது. புதிதாக இறங்கிய பிள்ளை முதல் மூன்று வாரம் உடம்பு வலி என்று படுத்துக்கொள்ளும். அது பழக்கக் குறைவு. மூட்டு வீங்கினால் டாக்டரிடம் போக வேண்டும்.

தாராவி, மாட்டுங்கா, சயான் பள்ளிகள் மும்பை நகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கான மாவட்ட விளையாட்டு அலுவலகம் தாராவியிலேயே இருக்கிறது. சயான்-பாந்திரா லிங்க் ரோட்டில், தாராவி பஸ் டெப்போ பக்கத்தில், ராஜீவ் காந்தி மாவட்ட விளையாட்டு வளாகத்தில். தினம் அந்த வழியாக பஸ்சில் போகும் நம்மவர்களில் பலர் அதன் உள்ளே போனதே இல்லை. செம்பூர், குர்லா பள்ளிகள் புறநகர் மாவட்டம். அவர்கள் காந்திவலி கிழக்கு, ஆகுர்லி ரோட்டுக்குப் போக வேண்டும். போகும்போது பள்ளி முதல்வர் முத்திரை போட்ட கடிதம், பிறந்த தேதிச் சான்று, ஆதார் நகல், இரண்டு போட்டோ எடுத்துப் போனால் மறுபடி அலைய வேண்டியிருக்காது. பள்ளி ரெக்கார்டில் ஒரு பிறந்த தேதியும் ஆதாரில் வேறு பிறந்த தேதியும் இருந்தால் அதைத் திருத்திவிட்டுத்தான் போக வேண்டும். வயதுப் பிரிவு விஷயத்தில் அங்கே ஒரு நாள் வித்தியாசத்தைக்கூட விடமாட்டார்கள்.